புகைப்படக் கலையில் தனிப்பாணி

(சங்க மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



பெரியோர் நிறைந்த இச்சபையிலே, இன்னும் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காத ஒருவனைக் கலைபற்றிப் பேச அழைத்தமை உங்கள் அன்பையே காட்டுகின்றது. புகைப்படக் கலைஞன் ஒருவன் தனக்கெனப் பாணி ஒன்றை எவ்வாறு அடைகின்றான் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பாணி என்பது யாது? தவில் வித்துவான்கள் எல்லோருக்கும் தாளம் ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். எனினும் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவொன்றில் முழங்கினால், பெயர் சொல்லாமலே இன்னாருடைய வாசிப்பு என்று கூறவல்ல பெரியோர் இங்கே இருக்கின்றீர்கள். படத்துக்கும் அப்படி ஒரு கையெழுத்து உண்டு. மரமும் வெயிலும் மனிதர் முகமும் யாவர்க்கும் பொது. கமராவோ உயிரற்ற இயந்திரம். அப்படியாயின், எடுத்தவனுடைய சாயல் படத்திலே எங்கிருந்து வந்து சேர்கின்றது?

விலையுயர்ந்த கமராவிலிருந்து வருகின்றது என்பார் சிலர். பிறர் செய்யாத விநோதம் எதையேனும் செய்தால் அதுவே பாணியாகும் என்பார் வேறு சிலர். இவ்விரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒருவன் தான் மெய்யாக மதிக்கின்ற ஒன்றைக் காட்டுதற்காக அறிந்து செய்கின்ற தெரிவுகள், பலகாலம் திரண்டு பாணியாகின்றன என்பதே என் கருத்து. மூவருடைய வரலாற்றைக்கொண்டு இதனை விளக்க விரும்புகின்றேன். அவர்களுள் இருவர் நமது நாட்டோடு தொடர்புடையவர்கள்.

முதலாமவர் ஜூலியா மார்கிறெட் கமறன் அம்மையார். இங்கிலாந்தின் வைட் தீவிலே வாழ்ந்த அவருக்கு 1863 ஆம் ஆண்டிலே மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிக்கூட்டைக் கண்ணாடி வீடாகவும், நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டிலே இரசாயனத்தைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவவேண்டிய காலம் அது. எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். இவ்வளவு பாடுபட்டு அவர் எடுத்த படங்களைப் புகைப்படப் பத்திரிகைகள் பரிகசித்தன. உருவம் தெளிவில்லை, தகட்டிலே கறைகள் உள்ளன என்பன குற்றச்சாட்டுகள்.

ஆனால், அந்த மென்மங்கல் அவர் அறிந்து தெரிந்துகொண்டதாகும். வில்லையைத் திருகிவரும்போது தம் கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்திலேயே நிறுத்திவிட்டதாக அவரே எழுதியுள்ளார். சட்டையின் பொத்தானை எண்ணிக் காட்டுவது அவருக்கு முக்கியமன்று. முகத்தின் உள்ளே இருப்பதே முக்கியம். வானியலறிஞர் ஹெர்ஷல், கவிஞர் தெனிசன் ஆகியோரின் முகங்களை இன்றும் நாம் அவர் கண்ணாலேயே காண்கின்றோம். கைதவறி ஒருமுறை மங்கினால் அது பிழை. அம்மங்கல் எதற்கு வேண்டுமென்றறிந்து மறுபடியும் செய்ய வல்லவனுக்கு அது பாணியாகும்.

இரண்டாமவர் அமெரிக்கரான அன்சல் அடம்ஸ். 1927 ஏப்ரல் 10 ஆம் திகதி, தமது 25 ஆம் வயதிலே, கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கில் ஹாவ் டோம் என்னும் பெரும்பாறையின் முன்னே நின்றார். கையில் எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். மஞ்சள் வடிகண்ணாடியை வில்லையின்முன் இட்டு முதற் படத்தை எடுத்தார். எடுத்தவுடனே, தம் நெஞ்சை நடுங்கவைத்த அந்தக் கம்பீரம் இப்படத்தில் வாராது என்று உணர்ந்தார். கடுஞ்சிவப்பு வடிகண்ணாடியை இட்டு இறுதித் தகட்டைப் பயன்படுத்தினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுப்பதால் வானம் ஏறக்குறைய கருமையாகிப் பாறை ஓங்கி நின்றது. படம் எடுக்குமுன்னரே முடிந்த படத்தை மனக்கண்ணால் காணும் வழியை அன்று தாம் கண்டதாக அவர் பின்னர் கூறினார்.

இன்று நம் கைத்தொலைபேசிகளிலும் வடிகண்ணாடி என்ற பெயரிலே நிறமாற்றங்கள் பல உள்ளன. அடம்ஸ் தம் உணர்ச்சியைக் காட்டுதற்காகப் படத்துக்கு முன்னே வடிகண்ணாடியைத் தேடினார். நம்மிற் பலரோ உணர்ச்சியில்லாத படத்தை எடுத்துவிட்டு, அதனை மறைத்தற்காகப் பின்னே தேடுகின்றோம்!

மூன்றாமவர் லயனல் வென்ட். 1900 ஆம் ஆண்டிலே கொழும்பிலே பிறந்தவர். இலண்டனில் சட்டமும் பியானோ இசையும் பயின்று 1924 இல் நாடு திரும்பினார். முப்பதுகளிலேதான் கமராவை முழுமனத்தோடு கையிலெடுத்தார். 1944 இல் மறைந்தார். ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுள் அவர் படைத்ததைக்கொண்டே உலகம் அவரை அறிகின்றது. நாட்டின் ஓவியத்துக்குப் புதுவழி காட்டிய '43 குழு 1943 இல் தோன்றியபோது அதற்கு உந்துசக்தியாய் நின்றவரும் அவரே.

படம் துலங்கிக்கொண்டிருக்கையில் கணப்பொழுது வெளிச்சம் பாய்ச்சினால், ஒளியும் இருளும் ஓரளவு இடம்மாறி, உருவத்தின் விளிம்பிலே கோடொன்று எழும். இவ்வித்தையை வென்ட் கையாண்டார். பரிஸிலே மேன் றே முதலியோரும் கையாண்டனர். ஆனால், வித்தையை நீக்கிவிட்டாலும் வென்டின் படம் வென்டினுடையதாகவே நிற்கின்றது. இந்நாட்டு மனிதரின் கருமேனியிலே நம் வெயில் எவ்வாறு படிகின்றது என்பதை அவர் விடாது பார்த்தார். கருமை என்பது ஒரே நிறமன்று, அதற்குள்ளே எத்தனையோ படிகள் உண்டு என்பதை அவர் படங்கள் கற்பிக்கின்றன.

இங்கே நமக்கு நேரடியான பாடம் ஒன்றுண்டு. கமராவின் ஒளிமானி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். உச்சிவெயிலில் வெள்ளை வேட்டி உடுத்த முதியவர் ஒருவரை எடுத்தால், வேட்டியின் வெண்மையைக் கண்டு அது ஒளியைக் குறைத்துவிடும். அவர் முகம் இருளில் மூழ்கும். வேட்டியா, முகமா என்று முடிவு செய்யவேண்டியவன் நீ. முகத்தை அளந்து எடுத்தால் வேட்டி சற்று வெளிறலாம், வெளிறட்டும். இத்தகைய சிறு முடிவுகளிலேதான் பாணி பிறக்கின்றது.

நண்பர்களே, செய்யத்தக்கவை சில கூறுகின்றேன். ஓராண்டுக்கு ஒரே கமரா, ஒரே வில்லை என்று கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். பொருளையும் ஒன்றாக்குங்கள்: உங்கள் ஊர்ச் சந்தை, கடற்கரை வாடி, அல்லது பாட்டியின் அடுக்களை. நல்லூர்த் திருவிழா 25 நாள். தேரன்று எல்லோரும் ஒரே இடத்தில் கையை உயர்த்தி ஒரே படத்தை எடுக்கின்றோம். ஏனைய நாட்களில் வீதி கூட்டுகின்றவரையும் கடலைக்காரியையும் பார்த்தவர் எத்தனை பேர்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது படங்களை அச்சிட்டு நிலத்தில் பரப்புங்கள். எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்று நோக்குங்கள். பிறரைப் பார்த்துச் செய்தவற்றை நீக்குங்கள். எஞ்சுபவை சிலவே ஆயினும் அவை உங்களுடையவை. பெரிய கலைஞரைப் பின்பற்றிப் பழகுவதில் இழிவில்லை. பழகிய இடத்திலேயே தங்கிவிடுவதுதான் இழிவு. அடம்ஸும் வென்டும் பியானோ பயின்றவர்கள். நாள்தோறும் ஒரே சுரவரிசையில் விரல் பழக்குவதன் பயனை இருவரும் அறிந்திருந்தனர்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடித்தல் தகாது. கமறன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கே அவர் எடுத்தவற்றில் மிகச் சில படங்களே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றின் பெயர் களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பது. ஹெர்ஷலின் படத்துக்கு ஹெர்ஷல் என்று பெயர். களுத்துறையில் அவர்முன் நின்றோருக்கோ தலைப்பிலே பெயரில்லை! அவர்கள் முகத்தை அவர் அன்போடுதான் பார்த்தார். ஆயினும் அப்பெயர்களை இன்று யாரிடம் கேட்போம்? எதனைப் பார்க்கின்றோம் என்பது மட்டுமன்று, யாரைப் பெயரோடு மதிக்கின்றோம் என்பதும் பாணியைச் சேர்ந்ததே. ஆகையால் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். எடுத்தபின் பெயர், ஊர், திகதி எழுதிவையுங்கள். ஒரு பிரதியை அவர் கையிலே கொடுங்கள்.

வென்டின் மறைவுக்குப் பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிந்துபோயின. தப்பிய பிரதிகளும், 1950 இல் வெளிவந்த படநூலுமே நம்மிடம் அவரைக் கொண்டுவந்தன. நம் வீடுகளின் நிலையும் இதுவே. போரிலும் இடப்பெயர்விலும் எத்தனையோ குடும்பங்கள் தம் ஆல்பங்களை இழந்தன. தாத்தாவின் முகம் எப்படியிருந்தது என்று அறியாத பேரப்பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். இனி எடுக்கப்படுவனவும் யாரோ ஒருவருடைய தேருக்கும் சூரியாஸ்தமனத்துக்கும் நகல்களாக இருந்தால், இன்னும் ஐம்பது ஆண்டுகளின் பின் நம்மைத் தேடுவோர் எவற்றைக் காண்பர்?

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை கமராவோடு திரிந்தால் படிப்பைக் கெடுக்கின்றான் என்று உடனே கடிந்துகொள்ளாதீர்கள். தப்பியிருக்கும் பழைய படங்களைத் திறந்து, அதிலுள்ளோர் பெயர்களை அவனுக்குச் சொல்லுங்கள். சன்னலோரத்திலே கால்மணி நேரம் அவன்முன் அமருங்கள். அவன் தன் பார்வையைக் கண்டடைவதற்கு உங்கள் முகத்தைக் காட்டிலும் சிறந்த பாடம் வேறில்லை.