முதுகில் ஒட்டும் சின்னப் பட்டை



வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் அரிப்பு. கண் இமை தடித்து, கழுத்தும் முழங்கை மடிப்பும் கறுத்துப் போகிறது. உடனே வீட்டில் என்ன நடக்கிறது? தட்டு தனி, பாய் தனி. "பிள்ளையைத் தூக்காதீங்க" என்கிறோம். பெருநோயோ என்று பயந்து தாய் வீட்டுக்குப் போய்விடுகிற பெண்ணும் உண்டு. தொழுநோய்த் தேமல் பொதுவாக அரிக்காது. அங்கே உணர்ச்சிதான் குறையும். அதுவும் மாத்திரையில் குணமாகிற நோய்தானே!

உங்கள் வரப்பைப் பாருங்கள். காரட் இலை போல இலை, பொடிப் பொடியாய் வெள்ளைப் பூ. அதுதான் பார்த்தீனியம். சாமந்தி, சூரியகாந்திக் குடும்பம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனேயில் கண்ணில் பட்டது, பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. இதன் காய்ந்த தூள் காற்றில் வந்து படிந்தாலே சிலருக்கு அரிப்பு வரும். பல வருஷம் சும்மா இருந்தவருக்கும் திடீரென வரலாம். ஆனால் இது ஒட்டுவாரொட்டி அல்ல.

இந்தச் செடிதானா என்று தெரிந்துகொள்ள ஒட்டுப் பரிசோதனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் கேளுங்கள். ஊசி இல்லை, வலி இல்லை. மருந்து வைத்த சிறு பட்டைகளை முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மேலும் ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். சிலருக்குத் தடிப்பு தாமதமாகத்தான் எழும். பஸ் செலவுக்குப் பயந்து இரண்டாம் தடவை போகாவிட்டால் பாதிப் பரிசோதனைதான்.

அதுவரை முதுகு நனையக் கூடாது. வேர்க்க வேலை செய்யக் கூடாது. தன் முதுகு தனக்குத் தெரியாது. பட்டை கழன்றதா என்று துணைதான் பார்க்கணும். அரிப்புக்கு ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரை, பூசுகிற களிம்பு எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். சில மருந்து தடிப்பை மறைத்துவிடும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பரிசோதனை பெண்ணுக்கு என்றால், நாள் தள்ளிப் போயிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் பிறகு பார்க்கலாம் என்பார்கள்.

பச்சை இலையைக் கசக்கி வீட்டிலேயே கட்டிப் பார்க்காதீர்கள். கொப்புளித்துப் புண்ணாகும், இல்லாத ஒவ்வாமையும் புதிதாக உண்டாகலாம்.

பார்த்தீனியம்தான் என்று தெரிந்தால், அரிப்பு உள்ளவர் அந்தக் களையில் கை வைக்க வேண்டாம். வேறொருவர் கையுறை போட்டு, முழுக்கைச் சட்டையோடு, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கட்டும். சாமந்திக்கும் தடித்தால், தலைக்கு மல்லிகை வாங்கிக்கொள்ளுங்கள்.