கடனாகப் பெற்ற இன்பம்



2020 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. அது படிப்படியாக நீண்டு மே 31 வரை, 68 நாள்கள் நிலவியது. அக்காலத்தைப் பற்றிப் பேசுவோர் துன்பத்தையே முதலில் பேசுவர், அதுவே முறை. ஆயினும், உறவினர் கூடித் தனியே உரையாடும் வேளையில், பலர் குரலைச் சற்றே தாழ்த்தி, "ஆனாலும் அந்த நாள்களில் ஏதோ ஒரு நிறைவு இருந்தது" என்று கூறுவதுண்டு. தவறு செய்தவர் போலத் தயங்கித்தான் அதைச் சொல்கின்றனர். அந்தத் தயக்கம் ஏன் எழுகிறது? அந்த இன்பம் எங்கிருந்து வந்தது? அதற்கு விலை கொடுத்தவர் யார்? இவ்வுரையின் பொருள் இவையே.

முதலில் இன்பம் நுழைந்த வாயில் செவி. பேருந்தும் தொடர்வண்டியும் நின்றன, ஆலைகள் ஓய்ந்தன. உலகின் பல பகுதிகளில் நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகள், மனிதரின் நடமாட்டத்தால் நிலத்தில் எழும் அதிர்வு பாதியளவு வரை குறைந்ததைக் காட்டின. நிலமே அமைதியுற்றது என்றால் அது மிகையன்று. நகரத்து வீடுகளில், இத்தனை குயில்கள் எங்கிருந்து வந்தன என்று மக்கள் வியந்தனர். குயில்கள் புதிதாக வந்துவிடவில்லை. அவற்றின் குரலை மறைத்திருந்த இரைச்சல் விலகியது, அவ்வளவே.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வெண்கொண்டைச் சிட்டு எனும் பறவையின் பாடலை ஆய்வாளர்கள் அந்த வசந்த காலத்தில் பதிவு செய்து, முந்தைய பதிவுகளோடு ஒப்பிட்டனர். பறவைகள் முன்னைவிட உரக்கப் பாடியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. அவை முன்னைவிட மெல்லப் பாடின. ஆயினும் அப்பாடல் முன்னைப்போல் இருமடங்கு தொலைவு சென்று சேர்ந்தது. வாகன ஓசையோடு போட்டியிட்டுக் கூவ வேண்டிய தேவை இல்லாது போகவே, குரல் தணிந்தது, நுட்பம் மிகுந்தது.

பறவைக்கு நேர்ந்தது வீட்டிற்கும் நேர்ந்தது. காலை எட்டு மணிக்குள் உணவுப் பெட்டி கட்டி, பிள்ளைகளைப் பள்ளி வாகனத்தில் ஏற்றி, தாமும் விரைந்து புறப்படும் குடும்பங்களில் பேச்சு என்பது பெரும்பாலும் ஏவலாகவே இருந்தது. "எழுந்திரு", "சாப்பிடு", "நேரமாயிற்று" என்னும் மூன்று சொற்களுக்குள் ஒரு நாளின் தாய்மொழி முடிந்துவிடும். விரைவு ஒழிந்த பின்னரே வினாவும் விடையும் தோன்றின. அறுவடைக்காகவோ பாதுகாப்பிற்காகவோ வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு முன்னரே வந்து அங்கேயே தங்க நேர்ந்த குடும்பங்களில், பேரப்பிள்ளைகள் தம் பாட்டனாரின் கழனிகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் உண்டு என்பதை அறிந்தனர். படி, மரக்கால் என்பன பாடநூற் சொற்கள் அல்ல, பரணில் கிடக்கும் பாத்திரங்கள் என்று கண்டனர். நிலக்கடலையைச் செடியினின்று ஆய்ந்தெடுக்கக் கற்றனர். பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் தூசு தட்டி எடுக்கப்பெற்றன. தாயத்தில் பாட்டியை வெல்லுதல் எளிதன்று என்பது பல கணிப்பொறி வல்லுநர்க்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்தது கண். வீதிக்குச் செல்ல இயலாதவர்க்கு மொட்டைமாடி வீதியாயிற்று. பஞ்சாபின் ஜலந்தர் நகரத்தார், ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தௌலதார் மலைத்தொடரைத் தம் வீட்டு மாடியிலிருந்தே கண்ட செய்தி எங்கும் பரவியது. தமிழகத்தில் பனிமலை இல்லை. ஆனால் வானம் உண்டு. ஏப்ரல் 3 ஆம் நாள் மாலை, மேற்கு வானில் ஒளிமிக்க வெள்ளிக்கோள் கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகில் வந்து நின்றது. ஏப்ரல் 7 ஆம் நாள் இரவில் அவ்வாண்டின் மிகப் பெரிய முழுநிலவு எழுந்தது. இவ்விரண்டும் ஊரடங்கிற்காக நிகழ்ந்தவை அல்ல. கோள்கள் தம் வழியில் சென்றன. அண்ணாந்து பார்க்க மனிதர்க்கு நேரம் வாய்த்தது.

மாடியில் வேறு செல்வங்களும் இருந்தன. சித்திரை வெயிலில் கூழ்வடகமும் மோர்மிளகாயும் காய்ந்தன. உதிர்ந்த வேப்பம்பூவைத் துணி விரித்துச் சேர்க்கும் பழக்கம் மீண்டது. ஏப்ரல் 14 அன்று பிறந்த சார்வரி ஆண்டின் முதல் நாள் உணவிற்கு அப்பூவே போதுமானதாயிற்று. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நெறி, அலுவலகம் சென்று இரவில் திரும்புவோர்க்கு ஆண்டுக்கணக்கில் இயலாததாக இருந்தது. அந்நாள்களில் அது முயற்சியின்றியே கைகூடியது. மாலை உணவை முடித்து, இருள் கவியும் வரை மாடியில் அமர்ந்திருந்த இல்லத்தார், முன்னோரின் நாள்முறையில் ஓய்வும் ஒரு பகுதியாக இருந்ததை உணர்ந்தனர்.

ஏப்ரல் 6 அன்று வந்த மகாவீரர் பிறந்தநாளில் ஊர்வலம் இல்லை. ஆலயக் கதவுகள் அடைத்திருந்தன. வீட்டுக் கூடத்தில் விளக்கேற்றி வழிபட்டபோது, ஒலிபெருக்கியின் பின்னே நின்று உதடசைத்துப் பழகிய சிறுவர் பலர், துதியின் சொற்கள் தமக்கு முழுமையாகத் தெரியவில்லை என்று கண்டனர். பெரியோர் சொல்லச் சொல்லக் கேட்டுக் கற்றனர். நாலடியார் 40 அதிகாரங்களும் 400 பாடல்களும் கொண்டது. நாளுக்கு ஓர் அதிகாரம் என்று தொடங்கிய இல்லத்தில், அந்நூலை முடித்த பின்னும் ஊரடங்கில் 28 நாள்கள் எஞ்சியிருந்திருக்கும். நேரமில்லை என்னும் நெடுநாளைய விடை, கணக்கின் முன் நிற்கவில்லை.

இவ்வின்பங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். குயில், வெள்ளி, வேப்பம்பூ, பாட்டியின் தாயக்கட்டை, பாட்டனாரின் கழனிப் பெயர் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் புதியதன்று. ஒன்றேனும் விலைக்கு வாங்கியதன்று. எல்லாம் கையெட்டும் தொலைவில் முன்பே இருந்தவை. ஆகவே அவற்றை எதிர்பாராத இன்பங்கள் என்பதைவிட, ஏறிட்டுப் பாராத இன்பங்கள் என்பதே பொருந்தும்.

இனி, தயக்கத்தின் காரணத்திற்கு வருதல் வேண்டும். வீடு உடையவர்க்கே வீட்டுக்குள் இன்பம். அதே நாள்களில், வேலையும் கூலியும் இழந்த புலம்பெயர் தொழிலாளர், குழந்தைகளைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தனர். அவர்களுக்கான சிறப்புத் தொடர்வண்டிகள் மே 1 அன்றுதான் ஓடத் தொடங்கின. திண்டிவனம் பகுதியில் விளைந்த தர்ப்பூசணி வாங்குவாரின்றி வயலிலேயே தேங்கியது. தூய்மைப் பணியாளர்க்கும் செவிலியர்க்கும் காவலர்க்கும் வீட்டில் இருத்தல் என்னும் பேறு கிடைக்கவில்லை. அவர்கள் வெளியே நின்றதால்தான் மற்றவர் உள்ளே இருக்க முடிந்தது. இறுதிச் சடங்கிற்கு 20 பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதியால், உடன்பிறந்தார் முகத்தைக் கடைசியாகக் காண இயலாது போனவரும் உளர். அவர்கள் வீட்டில் அந்த வெள்ளிக்கோளை எவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளியே மட்டுமன்று, வீட்டுக்குள்ளும் அந்த இன்பத்தின் பாரத்தைச் சுமந்தவர் இருந்தனர். மூன்று வேளையும் அனைவரும் வீட்டிலிருக்க, வேலைக்கு உதவுவோர் வர இயலாதிருக்க, பாத்திரம் துலக்கும் இடத்தை விட்டு நகராதவர் யார்? "அம்மா கையால் நாளொரு பலகாரம் உண்டோம்" என்று மகிழ்ந்து நினைவுகூரும் மகன், அப்பலகாரம் எத்தனை மணி நேரம் அடுப்படியில் நின்றதன் பயன் என்று எண்ணினானா? சில இல்லங்களில் ஆடவர் காய் நறுக்கவும் துணி உலர்த்தவும் கற்றனர். அங்கே இன்பம் பங்கிடப்பட்டது. மற்ற இல்லங்களில் தாய் தந்தாள்; பிறர் நுகர்ந்தனர்.

ஆகவே அந்த நிறைவு பொய்யன்று. ஆனால் முழு உரிமையுடையதும் அன்று. அது கடனாகப் பெற்ற இன்பம். அதற்காக வெட்கப்பட வேண்டுவதில்லை. கடனைத் திருப்பித் தருதலே கடமை. வட்டியும் முதலுமாகத் தருதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. வாரத்தில் ஒரு நாளேனும் கதிரவன் மறையுமுன் குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணலாம். உண்ட பாத்திரத்தை அன்று தாய் துலக்காதிருக்கலாம். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு அரை மணி நேரம் மாடியில் அமரலாம். ஊரில் தனித்திருக்கும் முதியோரிடம் சென்று, அவர் சொல்வதைக் குறுக்கிடாது கேட்கலாம். தெருவைக் கூட்டுபவரின் பெயரை அறிந்து, பெயரிட்டு அழைத்து, வெயில் நேரத்தில் மோர் கொடுக்கலாம். சாலையோரம் தர்ப்பூசணி விற்கும் உழவரிடம் பேரம் பேசாது வாங்கலாம்.

இவற்றைச் செய்யப் பெருந்தொற்று ஒன்று மீண்டும் வர வேண்டுவதில்லை. இரைச்சல் திரும்பிவிட்டது, பள்ளி வாகனமும் அலுவலகமும் திரும்பிவிட்டன. சான் பிரான்சிஸ்கோ சிட்டுக்கு அதன் சூழலைத் தணிக்கும் ஆற்றல் இல்லை. சாலை இரைந்தால் அதுவும் இரைந்தே பாட வேண்டும். மனிதர்க்கோ, தம் வீட்டுக் கூடத்தின் ஓசையைத் தாமே தணித்துக்கொள்ளும் ஆற்றல் உண்டு. மெல்லப் பேசினாலும் கேட்கும் வீடாக ஒவ்வோர் இல்லமும் அமையட்டும்.