தெரிந்தவர் சொல்ல, தெரியாதவர் செய்ய
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



வங்கி கவுண்டரில் நான் அடிக்கடி கேட்ட வார்த்தை: "எல்லாம் அவர்தான் சார் பார்த்துக்கிட்டார்." கணவர் காலமான பின் பாஸ்புக்கோடு வரும் அம்மாக்கள் சொல்வது. மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஒரு வாய் சாதம் வடிக்கத் தெரியாமல் நிற்கும் ஆண்களும் உண்டு.

அதனால் நண்பர்கள் ஆறு பேர் ஞாயிறு மாலைகளில் கூடுகிறோம். வாரம் ஒரு வேலை. தெரிந்தவர் சொல்வார்; தெரியாதவர்தான் செய்ய வேண்டும். குக்கர் வைத்தோம். சிலிண்டர் மாற்றினோம். மின்பெட்டியில் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தோம். அழுத்தியதும் சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

என் முறைக்கு நான் சொன்னவை மூன்று. பணம் வாங்க யுபிஐ பின் போட வேண்டியதில்லை. போட்டால் போவது நம் பணம். ஏமாந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் 1 முதல் 4 பேர் வரை நாமினி போடலாம். உங்கள் கணக்கில் ஒருவராவது இருக்கிறாரா, பாருங்கள்.

பிள்ளைகளிடம் கேட்டால், "குடுங்கப்பா, நான் பண்ணிடறேன்" என்று முடித்துவிடுவார்கள். வேலை முடியும், நம் கை பழகாது. நண்பரிடம் நாலு தடவை கேட்கலாம், கூச்சமில்லை.

உங்கள் மாடியிலும் நாலு பேர் சேருங்கள். தம்பதியாக வாருங்கள். இந்த வாரம் மட்டும் அவர் வேலையை இவரும், இவர் வேலையை அவரும் செய்யட்டும்.