இதயப் புழுவும் பொறுமை என்னும் மருந்தும்



நாய்க்கு வரும் ஒரு நோயைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நோயைக் கொல்லும் மருந்து நோயாளியையும் கொன்றுவிடாமல் காப்பது எங்ஙனம்? இது மருத்துவத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. நாய்களின் இதயப் புழு நோய்க்குச் செய்யப்படும் சிகிச்சையில் இவ்வினாவும் அதன் விடையும் தெளிவாக விளங்குகின்றன. ஆதலின் அதனையே இன்று எடுத்துக்கொண்டேன்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு புழு. 1856-ஆம் ஆண்டில் ஜோசப் லீடி என்னும் அமெரிக்க அறிஞர் இதற்கு ‘இம்மிட்டிஸ்’ என்று பெயர் சூட்டினார். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘இரக்கமற்றது’ என்பது பொருள். பெயர் பொருத்தமானதே. நூலிழை போன்ற இப்புழு, பெண்ணாயின் ஏறத்தாழ ஓர் அடி நீளம் வளரும். இதயத்தினின்று நுரையீரலுக்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய்களே இதன் இருப்பிடம். தொகை மிகுந்தால் இதயத்தின் வலப்புற அறைகளிலும் குடியேறும். 5 முதல் 7 ஆண்டுகள் வரை அங்கேயே வாழும். நாய்க்கு முதலில் இருமல் தோன்றும், பிறகு சிறிது ஓடினாலும் இளைக்கும், உடல் மெலியும், முற்றிய நிலையில் வயிற்றில் நீர் கோக்கும்.

இப்புழு நாயின் உடலுள் நுழைவது எவ்வாறு? நோயுற்ற நாயின் குருதியில் கண்ணுக்குப் புலனாகாத குஞ்சுப் புழுக்கள் மிதக்கின்றன. கொசு அக்குருதியைக் குடிக்கும்போது அவையும் கொசுவின் உடலுள் செல்கின்றன. வெப்பமான நாட்களில் இரண்டு வாரத்திற்குள் அவை தொற்றும் பருவத்தை அடைகின்றன. அக்கொசு மற்றொரு நாயைக் கடிக்குங்கால், கடிவாயின் வழியே இளம்புழுக்கள் உள்ளே புகுகின்றன. அவை முதிர்ந்து குஞ்சு ஈன ஆறு, ஏழு மாதங்கள் ஆகும். எனவே நாயிடமிருந்து நாய்க்கு இந்நோய் நேரே பரவுவதில்லை. இடையே கொசு வேண்டும். நம் நாட்டில் யானைக்கால் நோயைப் பரப்புவதும் கொசுவே அன்றோ? அந்நோயின் புழுவும் இப்புழுவும் ஒரே இனக் கூட்டத்தைச் சேர்ந்த உறவினர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கும் மெக்சிகோ வளைகுடாக் கரையும் இந்நோய்க்குப் பேர்போன இடங்கள். வெப்பமும் ஈரமும் கொசுவும் அங்கே ஒருங்கே உள்ளன. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கத்ரீனா என்னும் பெரும் புயல் நியூ ஆர்லியன்சு நகரையும் அக்கரையையும் பாழாக்கியது. வீடிழந்த மக்களோடு எண்ணற்ற நாய்களும் திக்கற்று நின்றன. மீட்கப்பட்டவை பல்வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுட் சிலவற்றை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதி நாய்களிடம் இதயப் புழு காணப்பட்டது. வெள்ளத்தினின்று பிழைத்த உயிரை இனி இப்புழுவினின்று பிழைக்க வைப்பது எவ்வாறு என்பதே அவற்றை ஏற்றுக்கொண்டோர் முன் நின்ற வினா.

முதிர்ந்த புழுவைக் கொல்ல மருந்து உண்டு. மெலார்சோமின் என்பது அதன் பெயர். அது ஆர்சனிக், அதாவது பாடாணம், சேர்ந்த பொருள். முதுகின் கீழ்ப்பகுதித் தசையில் ஆழமாக ஊசி வழியே செலுத்துவர். ஆனால் புழு இறந்தவுடன் இடர் தீர்ந்துவிடுவதில்லை. இறந்த புழு சிதைந்து துண்டு துண்டாகிக் குருதியோட்டத்தில் அடித்துச் செல்லப்படும். நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். எல்லாப் புழுக்களும் ஒரே நாளில் இறந்தால் நாயும் இறக்க நேரிடலாம்.

ஆகவே மருத்துவர் படிப்படியாகச் செல்கின்றனர். இப்புழுவின் உடலுக்குள் வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. அதன் துணையின்றிப் புழு செழிக்காது. முதல் 4 வாரங்கள் டாக்சிசைக்ளின் என்னும் மருந்தைக் கொடுத்து அத்துணையை அழிக்கின்றனர். புழு நலிகிறது. பின்னர் ஒரு மாதம் காத்திருக்கின்றனர். அதன் பிறகே முதல் ஊசி. அதனால் ஒரு பகுதிப் புழுக்களே மடியும். மீண்டும் ஒரு மாதம் கழித்து, அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டு ஊசிகள். இம்முறையால் 100-க்கு 98 புழுக்கள் வரை அழிகின்றன என்று கண்டுள்ளனர். புழுக்கள் இதயத்தின் வாயிலையே அடைத்துவிட்ட கடைநிலையில் மட்டும், கழுத்து நாளத்தின் வழியே இடுக்கியைச் செலுத்திப் புழுக்களை வெளியே இழுப்பது உண்டு.

இத்தனையிலும் மருந்தைவிடக் கடினமானது ஒன்று உண்டு. அதுதான் ஓய்வு. நோய் உறுதியான நாள் முதல், கடைசி ஊசிக்குப் பின் 6 முதல் 8 வாரங்கள் வரை, நாய் ஓடக்கூடாது, தாவக்கூடாது, விளையாடக்கூடாது. ஓடினால் குருதி விரைந்து பாயும். புழுத்துண்டுகள் குழாய்களில் அழுந்தச் சிக்கும். ஊசி போட்ட 7 முதல் 10 நாட்களுக்குள் இந்த ஆபத்து மிகுதி. ஆனால் அந்நாட்களில் நாய் நலமாகவே தோன்றலாம். வாலை ஆட்டி வாயிலில் நின்று வெளியே அழைக்கும். அன்பு மிகுந்த பிள்ளைகள் அதனை அவிழ்த்துவிட விரும்புவர். அந்தச் சிறு இரக்கமே அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும். ஏறத்தாழ ஐந்து மாதம் கயிற்றைப் பிடித்த கை தளராதிருப்பதே அவ்வீட்டார் செய்யும் மருத்துவம்.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. ஜப்பானிய மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரினின்று பிறந்தது ஐவர்மெக்டின் என்னும் மருந்து. அதற்கு வழிகண்ட சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமில் 10 இலட்சத்தில் 6 பங்கு என்ற அளவில் மாதம் ஒருமுறை கொடுத்தால், கடந்த மாதத்தில் புகுந்த இளம்புழுக்கள் மாய்ந்துவிடும். மறந்துவிட்டால் அவை வளர்ந்து, அம்மருந்துக்கு எளிதில் அடங்காத பருவத்தை எட்டும். குருதியைச் சோதித்த பின், கால்நடை மருத்துவர் சொற்படியே இதனைத் தொடங்குதல் வேண்டும்.

மாணவர்களே, மாதம் ஒரு மாத்திரையை மறவாதிருப்பது சிறிய கடமை. அதனை மறந்தால் நாய்க்கு மூன்று பாடாண ஊசியும், வீட்டாருக்கு ஐந்து மாதக் காவலும் நேர்கின்றன. வாய் பேசாத உயிரை வளர்ப்போர், அதற்காக நாட்காட்டியைப் பார்க்கும் பொறுப்பையும் ஏற்றவர்களாகின்றனர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.