திரை போட்டுக் கேட்கலாமா?

"ஸ்பீக்கரின் தரத்தைச் சொல்ல வல்லது கேட்கும் காதா, அளக்கும் கருவியா?" என்று தலைப்பு வைத்து, என்னைக் கருவியின் பக்கம் உட்கார வைத்திருக்கிறீர்கள். இதைப் பேச நம் பினாங்குக்குத் தனி உரிமையே உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்துக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் ஒன்று, கார்களுக்கு ஒலிக்கருவி செய்த கிளாரியன். இன்னொன்று ஹியூலெட் பேக்கார்ட். அதன் அளவுக்கருவித் தொழில்தான் இன்று கீசைட் என்ற பெயரில் அங்கே நடக்கிறது. கடலைத் தாண்டினால் பத்து காவானில் போஸ் நிறுவனத்தின் ஆலை இருந்தது. 2016-இல் ஃப்ளெக்ஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பாடுகிற பெட்டியும் அளக்கிற கருவியும் இங்கே அண்டை வீட்டுக்காரர்களாக ஒற்றுமையாகத்தான் இருந்தன. சண்டையெல்லாம் விமர்சனம் எழுதுகிறவர்களுக்குள்தான்.

அந்தச் சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஏறியது. வங்காளித் தந்தைக்குப் பிறந்த அமர் போஸ் 1968-இல் 901 என்றொரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதன் ஒன்பது ஒலிவாய்களில் எட்டு, கேட்பவருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்திருக்கும். 1970-இல் ஒரு பயனீட்டாளர் பத்திரிகை, அதில் வாத்தியங்கள் பூதாகாரமாகப் பெருத்து அறையெங்கும் அலைவதுபோல் தோன்றுகிறது என்று எழுதியது. போஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. ஒலி அலைந்தது அறையெங்குமா, இல்லை இரண்டு பெட்டிகளுக்கு நடுவே சுவர் ஓரமாகவா? இதுதான் வாதம்! 1984-இல் பத்திரிகை வென்றது. எதனால் வென்றது? அந்த வாக்கியம் சரி என்பதற்காக அல்ல. கேட்டதைச் சொல்லில் வடிக்கும்போது சொல் பிசகுவது பொய் சொல்லும் கெட்ட எண்ணம் ஆகாது என்பதற்காக. எதிரணி நண்பர்களே, உங்கள் கட்சிக்காரருக்கு அங்கே கிடைத்தது மன்னிப்பு; நற்சான்றிதழ் அல்ல. "வெதுவெதுப்பான ஒலி", "பட்டுப்போன்ற மேல்ஸ்தாயி" என்று இன்றும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஒருவருக்குப் பட்டு, இன்னொருவருக்குச் சாக்கு. எது சரி என்று வாங்குகிறவர் எப்படிச் சோதிப்பார்?

சௌராஸ்டா மார்க்கெட்டில் மீனைக் கையில் தூக்கிப் பார்த்து "ஒரு கிலோ இருக்கும்" என்றால் காசை நீட்டுவோமா? உடனே எதிரணியிலிருந்து குரல் வரும்: தராசு எடையைச் சொல்லும், ருசியைச் சொல்லுமா? நல்ல கேள்விதான். அதற்கு விடை தேடியவர் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த ஃபிளாய்ட் டூல். அவர் கருவியை மட்டும் நம்பி உட்காரவில்லை. ஒலியை மறைக்காத, உருவத்தை மட்டும் மறைக்கும் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, மனிதர்களிடம் மதிப்பெண் கேட்டார். பிறகு அந்த மதிப்பெண்ணை அளவீட்டோடு பொருத்திப் பார்த்தார். நேர் எதிரே மேடு பள்ளமில்லாமல் ஒலிப்பதும், பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே சாயலில் சீராக இருப்பதுமான பெட்டிகளையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது அளவீட்டு வரைபடத்தின் கோடுகளுக்குப் பொருள் கொடுத்ததே காதுதான்.

காதுக்கும் கருவிக்கும் இவ்வளவு உறவு இருந்தால், பத்திரிகையில் புகழ்ந்த பெட்டியை வரைபடம் ஏன் காட்டிக்கொடுக்கிறது? நடுவே ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறார். அவர் பெயர் கண். ஸ்பீக்கர் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டூலும் 1994-இல் வெளியிட்ட சோதனையில், அந்த நிறுவனத்து ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து, அதே ஸ்பீக்கர்களைத் திரையோடும் திரையில்லாமலும் கேட்கச் செய்தார்கள். திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சிறிய, மலிவான பிளாஸ்டிக் பெட்டி, முகம் தெரிந்ததும் கீழே இறங்கிவிட்டது. அதைவிட வேடிக்கை: பெட்டியின் இடத்தை மாற்றினால் ஒலி மாறும். கண்ணை மறைத்தபோது உணர்ந்த அந்த மாற்றம், கண் திறந்ததும் மதிப்பெண்ணில் மங்கிப் போனது. அப்படியானால் திரையில்லாமல் எழுதுகிற விமர்சனத்தைக் காதின் சாட்சியம் என்று எப்படி ஏற்பது? பெட்டியின் பளபளப்பும் விலைச்சீட்டும் காதின் பெயரில் கையெழுத்துப் போடுகின்றன.

"தவில் வித்வான் கருவி வைத்தா வார் பிடிக்கிறார்?" என்று அடுத்து வரும். ஐயா, அவர் பக்கத்தில் சுருதி நிற்கிறது. மாறாத ஒன்றோடு ஒப்பிடுவதால்தான் அவர் காது தப்புவதில்லை. ஸ்பீக்கர் விமர்சகருக்குச் சுருதி எது? போன மாதம் வேறோர் அறையில் கேட்ட வேறொரு பெட்டியின் நினைவா? "ரசனை ஆளுக்கு ஆள் மாறுமே" என்பீர்கள். 2003-இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றவரும் பெறாதவருமாக 268 பேர் நான்கு ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் கேட்டார்கள். தரவரிசை பெரும்பாலும் ஒன்றாகவே வந்தது. "அளவில் நேராக இருந்த பெட்டி வீட்டில் கர்ணகடூரமாகக் கேட்டதே" என்பதையும் நான் மறுக்கவில்லை. நேர் எதிரே ஒரே ஒரு கோடு எடுத்தால் அப்படித்தான் ஏமாறுவோம். இன்றைய முறையில் கிடையாகவும் செங்குத்தாகவும் பத்துப் பாகைக்கு ஒன்றாக 70 கோடுகள் எடுக்கிறார்கள். அதற்கும் அடங்காதது, ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே ஆடும் ஆட்டம். அங்கே உங்கள் வீட்டுச் சுவர்தான் வித்வான். விமர்சகரின் அறையில் கேட்ட கீழ்ஸ்தாயி உங்களுக்கு உதவாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2004-இல் 70 ஸ்பீக்கர்களின் அளவீட்டை வைத்துக் கேட்பவர் விருப்பத்தை ஆலிவ் கணித்தபோது, ஒட்டுறவு 0.86 வந்ததே தவிர 1 வரவில்லை. அந்த எண்ணை வர்க்கப்படுத்திப் பார்த்தால், மதிப்பெண்களின் ஏற்ற இறக்கத்தில் கால்வாசி கணக்குக்குள் அடங்கவில்லை. அந்தக் கால்வாசியை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அவர்களும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அடுத்துப் பேச வரும் நண்பர் வேறெதையும் சொல்லும் முன் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. பெயரையும் விலையையும் மறைத்துவிட்டால், தாம் போன வாரம் புகழ்ந்த பெட்டியைத் தாமே அடையாளம் காட்டுவாரா?