மணியோசை முன்னே



"உன் தொழிலைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார் நம் சங்கச் செயலாளர். நான் சாதித்ததைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே, கெடுத்ததைச் சொல்கிறேன்.

2003-ஆம் ஆண்டு. ஒரு சிறிய கம்பெனியில் ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதும் வேலை எனக்கு. டிரைவர் கட்டளை கொடுக்கும். கார்டு டிஸ்க்கிலிருந்து தகவலை எடுத்து, பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேரே மெமரியில் இறக்கும். எந்தக் கட்டளை முடிந்தது என்ற எண்ணையும் மெமரியிலேயே எழுதிவிட்டு, 'இன்டரப்ட்' என்ற மணியை அடிக்கும். இவ்வளவுதான் கதை.

எங்கள் டிரைவரில் பல மணி நேரத்துக்கு ஒருமுறை, காப்பி எடுத்த ஃபைல் மூலத்தோடு ஒத்துப் போகவில்லை. எர்ரர் எதுவும் வராது. எங்கே தப்பு என்று பார்க்க நடுவில் பிரிண்ட்-கே வரிகளைப் போட்டால், தப்பே வராது! பேய் பிடித்த வீட்டில் விளக்கைப் போட்ட மாதிரி. நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்து மைக்ரோ செகண்ட் தாமதம் ஒன்றைச் செருகினேன். டெஸ்ட் பாஸ். "சரியாயிடுச்சு சார்" என்று கையெழுத்தும் போட்டேன். ஏன் சரியானது என்று எனக்கே தெரியாது.

கார்டு போன இடம் எங்கள் டோல்கேட் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு. மூன்றாவது வாரம் போன் வந்தது. நம்ம ஏரியாதானே என்று நானே போனேன். கேட்டில் நைட் டூட்டி பார்க்கும் பெரியவர் தன் நோட்டைத் திறந்து காட்டினார். "என்ன தம்பி, என் நோட்டுல இருக்கிற நம்பரு உங்க கம்ப்யூட்டர் காப்பியில இல்லியே?" இரண்டு இரவுப் பதிவுகளை அந்த நோட்டைப் பார்த்துத்தான் திரும்ப ஏற்றினோம். நோட்டு இல்லாவிட்டால்? இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு போன். "துறைமுகத்துல இருந்து வண்டி கிளம்பிடுச்சாம்" என்றார்; நோட்டில் எழுதவில்லை. கேட்டேன். "போன் உடனே வந்துடும். வண்டி எங்க கியூவுல நிக்குதோ! கேட்ல வந்து நின்னாத்தான் எழுதுவேன்."

ஆபீசுக்குத் திரும்பி, கர்னலில் இருந்த மெகாரெய்டு டிரைவரைப் படித்தேன். அது சுப்ரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸின் கார்டுக்கானது. (அந்த ரெய்டு பிரிவை 2001-ல் எல்.எஸ்.ஐ. லாஜிக் வாங்கிவிட்டது.) அதில் மணி அடித்ததும் டிரைவர் எண்ணை நம்பிவிடுவதில்லை. அந்த இடத்தில் முன்கூட்டியே 255 என்று போட்டு வைத்திருக்கும்; அது மாறும்வரை காத்திருக்கும். பெரியவர் செய்தது அதேதான்!

மணி தனிக் கம்பியில் வரும். தகவலோ பி.சி.ஐ. பாதையில், பிரிட்ஜ் வழியாக வரும், மணி முந்திவிடலாம். அதற்குள் டிரைவர் பார்த்தால், முந்தைய கட்டளையின் பழைய எண்தான் அங்கே கிடக்கும். கார்டின் ரிஜிஸ்டர் ஒன்றைப் படித்தால் போதும். அதற்கு முன் கிளம்பிய தகவல் எல்லாம் மெமரிக்கு வந்து சேர்ந்த பிறகே பதில் கிடைக்கும். பி.சி.ஐ. விதி அது. வேகம் கூடட்டும் என்று அந்த ஒரு வரியை எடுத்துப்போட்டவன் நானேதான்! ஆபீஸ் மெஷினில் கார்டுக்கு முன்னால் கூடுதல் பிரிட்ஜ் எதுவும் கிடையாது. யார்டு மெஷினில் இருந்தது. இன்று எம்.எஸ்.ஐ. வகை இன்டரப்டில் மணியும் தகவல் வரும் பாதையிலேயே பின்னால் வருவதால், இந்தத் தொல்லை இல்லை.

தாமதத்தை எடுத்துவிட்டு, அந்த வரியைத் திரும்பப் போட்டேன். யார்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பெரியவர் கோபிக்கவில்லை. "சரி தம்பி, இருந்தாலும் நோட்டை நிறுத்த மாட்டேன்" என்றார். நானும் ஒரு மாதம் தினமும் காலையில் போய், அந்த நோட்டோடு ஒவ்வொரு நம்பராக ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனேன்.