தோன்றா எழுவாய்

மாணவ நண்பர்களே,

புகை பிடித்தல் தீது என்று உங்களுக்கு அறிவுரை கூறுவதற்காக நான் இன்று ஒலிவாங்கியின் முன் அமரவில்லை. அவ்வறிவுரையை நீங்கள் பல முறை கேட்டிருக்கிறீர்கள். சிகரெட் பெட்டியின் மீதே அது படத்துடன் அச்சாகி வருகின்றது. நான் சொல்ல வந்தது வேறொன்று. தீது என்று அறிஞர்கள் கண்டு வெளியிட்ட பின்னரும், 'முடிவு இன்னும் தெரியவில்லை' என்று ஒரு பெரிய நாட்டு மக்களைப் பல்லாண்டுகள் எண்ண வைத்தார்களே, அந்த வேலை எவ்வாறு நடைபெற்றது என்பதே என் பேச்சின் பொருள்.

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'நாளை பள்ளிக்கு வா' என்னும் வாக்கியத்தில் 'நீ' என்ற எழுவாய் வெளிப்படவில்லை; ஆயினும் அஃது இல்லாமற் போகவில்லை. வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போது, 'வினை இருக்கிறது. செய்பவன் எங்கே என்று தேடு' என்று சொல்வது என் வழக்கம். அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகளின் வரலாற்றைப் படித்தபோது அந்த இலக்கணப் பாடம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவரும், அமெரிக்காவில் எர்னஸ்ட் வின்டர், எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் இருவரும் தனித்தனியே ஆராய்ந்து, நுரையீரற் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று வெளியிட்டனர். இவர்களுள் வின்டர் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியபோது மருத்துவக் கல்லூரி மாணவர். கிரஹாமோ புகழ் வாய்ந்த அறுவை மருத்துவர்; புற்றுநோய் பற்றிய நுரையீரல் ஒன்றை முழுவதும் அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்தவர். அவரும் நெடுநாள் சிகரெட் பிடித்தவரே. தம் ஆராய்ச்சியின் முடிவைக் கண்டு அப்பழக்கத்தை விட்டார். ஆயினும் 1957இல் அதே நுரையீரற் புற்றுநோயால் இறந்தார். சிகரெட் புகையிலிருந்து வடித்த கரிய பிசினை எலிகளின் முதுகில் தடவிய சோதனையையும் இவர்கள் நடத்தினார்கள். எலிகளுக்குப் புற்றுநோய்க் கட்டிகள் தோன்றின. அச்செய்தி 1953இன் இறுதியில் பத்திரிகைகளில் பரவியது. சிகரெட் விற்பனை குறைந்தது.

அந்த டிசம்பர் மாதத்தின் நடுவில் நியூயார்க் நகரத்துப் பிளாசா ஹோட்டலில் அமெரிக்காவின் பெரிய சிகரெட் கம்பெனிகளின் தலைவர்கள் கூடினார்கள். சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்த்தவர்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அவர்கள் உதவிக்கு அழைத்தவர் ஜான் ஹில் என்பவர். இவர் பிராட்ஃபோர்டு ஹில்லுக்கு உறவினர் அல்லர். மக்கள் தொடர்புத் தொழில் நடத்தியவர். பெருங் கம்பெனிகளுக்குப் பொதுமக்களிடையே நற்பெயர் தேடித் தருவது அத்தொழில். உடல்நலம் கருதிப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவர் சிகரெட்டை விட்டிருந்தார் என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

ஹில் கொடுத்த யோசனை மிக நுட்பமானது. 'விஞ்ஞானிகள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். அதை யாரும் நம்ப மாட்டார்கள். இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த ஆராய்ச்சிக்கு நீங்களே பணம் கொடுங்கள்' என்பது அதன் சாரம். ஆராய்ச்சி வேண்டும் என்பதை எவர் மறுக்க முடியும்? நானும் நீங்களும் மறுக்க மாட்டோம். அந்த யோசனையின் வலிமை முழுவதும் அங்கேதான் இருந்தது.

1954 ஜனவரி 4ஆம் நாள், நானூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியாயிற்று. சிகரெட் பிடிப்போருக்கு ஒளிவு மறைவற்ற விளக்கம் என்பது போன்ற தலைப்பு. மக்களின் உடல்நலமே எங்களுக்கு மற்றெல்லாவற்றிலும் முதன்மையானது. எங்கள் சரக்கு தீங்கானது அன்று என்று நம்புகிறோம். எனினும் ஆராய்ச்சிக்கு உதவ ஒரு குழு அமைக்கிறோம் என்று அதில் கண்டிருந்தது. கீழே கம்பெனித் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. இதுவரை எழுவாய் தெளிவாகவே இருக்கிறது. இதற்குப் பிறகுதான் அது மறையத் தொடங்கியது.

புகையிலைத் தொழில் ஆராய்ச்சிக் குழு என்ற பெயரில் ஓர் அமைப்பு தோன்றியது. கிளாரன்ஸ் குக் லிட்டில் என்னும் விஞ்ஞானியை அதன் விஞ்ஞானத் தலைவராக அமர்த்தினார்கள். அவர் சாமானியர் அல்லர்; மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர்; புற்றுநோய் ஒழிப்புச் சங்கத்தை நடத்தியவர். புற்றுநோய்க்குப் பரம்பரையே பெருங்காரணம் என்பது அவருடைய கருத்து. அக்கருத்தை அவர் விலைக்குச் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன், உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஆனால், அத்தகைய நம்பிக்கை உடையவரைத் தேடிப் பிடித்து உயர்ந்த மேடையில் நிறுத்தியவர்கள் யார் என்பதே கேள்வி. அவர் பேசினால் விஞ்ஞானம் பேசுவதாக மக்கள் கொண்டார்கள். பத்திரிகையாளர்களும் 'இரு பக்கத்துக் கருத்தையும் வெளியிடுவதே நேர்மை' என்று, ஆயிரக்கணக்கான நோயாளிகளை எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியை ஒரு தட்டிலும், இவருடைய ஐயத்தை மறு தட்டிலும் வைத்தார்கள். சிகரெட் விற்பனை மீண்டும் ஏறியது.

பள்ளியில் சொற்போர் நடத்தும்போது இரு பக்கத்துக்கும் சம நேரம் ஒதுக்குகிறோம். அது பேச்சுப் பயிற்சிக்கு நல்ல விதி. உண்மையைக் காண அது விதியாகாது.

1964 ஜனவரி 11ஆம் நாள் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெரி தம் குழுவின் அறிக்கையை வெளியிட்டார். சிகரெட்டே ஆண்களுக்கு நுரையீரற் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று அது ஐயமின்றி உரைத்தது. அன்று சனிக்கிழமை, பங்குச் சந்தை கலங்காதிருக்க விடுமுறை நாளைத் தேர்ந்தார்கள். மறு ஆண்டே காங்கிரஸ் சபை, பெட்டியின் மீது எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சட்டம் செய்தது. கம்பெனிகளுக்குத் தோல்வி என்று தோன்றும். சட்டத்தை ஊன்றிப் படித்தால் வேறு விதமாகத் தெரியும். 'தீங்காக இருக்கலாம்' என்ற மெல்லிய சொல்லோடு எச்சரிக்கை நின்றது. விளம்பரங்களிலும் எச்சரிக்கை வேண்டும் என்று கேட்ட அரசாங்க வாணிபக் குழுவின் கையைச் சில ஆண்டுகளுக்கு அச்சட்டம் கட்டிப்போட்டது. பிற்காலத்தில் நோயாளிகள் வழக்குத் தொடுத்தபோது, 'பெட்டியிலேயே எச்சரித்தோமே' என்று கம்பெனிகள் அதனைக் கேடயமாகவும் பிடித்தன.

1969இல் ஒரு கம்பெனிக்குள் எழுதிய குறிப்பு ஒன்று பின்னாளில் வெளிப்பட்டது. மக்கள் மனத்திலுள்ள உண்மைகளோடு போட்டியிட ஐயமே சிறந்த கருவி. ஐயமே நாம் செய்து விற்கும் சரக்கு என்பது அதன் கருத்து. எழுதியவர் மறைக்க முயலவில்லை. தம் அலுவலகத்துக்கு வெளியே யாரும் படிக்கப் போவதில்லை என்று நினைத்திருப்பார்.

இனி வரியைப் பற்றிப் பார்ப்போம். சிகரெட்டின் விலை ஏறினால் பலர் குறைத்துக்கொள்கிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள், கையில் காசு குறைந்த மாணவர்கள் தொடங்காமலே இருந்துவிடுகிறார்கள். விலை பத்து விழுக்காடு உயர்ந்தால் செல்வ நாடுகளில் விற்பனை ஏறக்குறைய நான்கு விழுக்காடும், மற்ற நாடுகளில் எட்டு விழுக்காடும் குறையும் என்று உலக வங்கி 1999இல் கணக்கிட்டது. கம்பெனிகளும் இதை நன்கு அறிந்திருந்தன. எல்லாவற்றிலும் தாங்கள் அஞ்சுவது வரியையே என்று அவற்றின் உள்தாள்கள் கூறுகின்றன. ஆனால் மக்கள் முன் நின்று 'எங்கள் ஆதாயம் குறையும், ஆகவே வரி வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? ஏழைக்குப் பாரம், சிறு கடைக்காரருக்கு நட்டம், கள்ளக் கடத்தல் பெருகும் என்று பிறர் குரலில் பேச வேண்டியிருந்தது.

கள்ளக் கடத்தல் பற்றிய கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அது கனடா நாட்டில் நடந்தது. அங்கே 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிகரெட் வரியை மிகவும் உயர்த்தினார்கள். உடனே கனடாவில் செய்த சிகரெட்டே அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகி, வரியின்றி எல்லை தாண்டித் திருட்டுத்தனமாகத் திரும்பி வரத் தொடங்கியது. 'பார்த்தீர்களா, அதிக வரியின் பயன் இதுதான்' என்ற கூக்குரல் எழுந்தது. 1994 பிப்ரவரியில் அரசாங்கம் பணிந்து வரியைக் குறைத்தது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 2008இல் கனடாவின் இரண்டு பெரிய கம்பெனிகள் அக்கடத்தலுக்குத் துணை நின்ற குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டன. அபராதமும் ஈட்டுத் தொகையுமாக 115 கோடி கனடா டாலர் செலுத்த இசைந்தன. 2010இல் வேறு இரண்டு கம்பெனிகள் ஏறக்குறைய 55 கோடி டாலருக்கு இசைந்தன. கடத்தலைக் காட்டி வரியைக் குறைத்த தொழிலே கடத்தலுக்கும் சரக்கு அனுப்பியிருந்தது.

பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை வந்தபோதும் இதே முறைதான். 1987இல் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரசபை உணவு விடுதிகளில் புகை பிடிப்பதைத் தடுத்தது. உடனே அந்நகர உணவு விடுதியாளர் சங்கம் என்று ஒன்று, வியாபாரம் முப்பது விழுக்காடு விழுந்துவிட்டது என்று முறையிட்டது. சில மாதங்களில் தடையைத் தளர்த்தினார்கள். பின்னர் விற்பனை வரிக் கணக்கைப் பார்த்தபோது அத்தகைய வீழ்ச்சி எதுவும் தென்படவில்லை. அச்சங்கத்தின் தலைவராக இருந்தவரே, தடைக்கு முன் அப்படி ஒரு சங்கமே இல்லை, புகையிலைத் தொழிலாரே எங்களைச் சேர்த்தார்கள் என்று 1994இல் வெளிப்படையாக எழுதினார்.

அதே 1994இல் அதே கலிபோர்னியாவில் மற்றொரு விந்தை. அங்கே மக்கள் நேரே வாக்களித்துச் சட்டம் செய்யும் முறை உண்டு. 188ஆம் எண் கொண்ட ஒரு தீர்மானம் வாக்குக்கு வந்தது. மாநிலம் முழுவதற்கும் கடுமையான புகைக் கட்டுப்பாடு என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். பெயரைப் படித்தவர் மருத்துவர் சங்கம் கொண்டுவந்தது என்றே எண்ணுவார். அதனைக் கொண்டுவந்தது பிலிப் மாரிஸ் கம்பெனி! ஊர்தோறும் நகரசபைகள் செய்திருந்த இதைவிடக் கடுமையான விதிகளை ஒரே வீச்சில் நீக்குவதே அதன் உட்பொருள். யார் பணம் கொடுக்கிறார்கள் என்று மருத்துவர்களும் பத்திரிகைகளும் ஊருக்கு ஊர் சொன்னார்கள். நூற்றுக்கு எழுபதின்மர் அதற்கு எதிராக வாக்களித்தனர். எழுவாய் வெளிப்பட்டதும் வாக்கியத்தின் பொருள் மாறிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். இரவல் வாங்கிய குரல்கள் எல்லாம் பொய்க் குரல்கள் அல்ல. சிறு கடைக்காரருக்கு உண்மையிலேயே கவலை உண்டு. புகையிலை பயிரிடும் உழவருக்கு வேறு பயிருக்கு மாறுவது எளிதன்று. உலகப் புகையிலை உழவர் சங்கம் ஒன்றை 1984 முதல் கம்பெனிகள் பணம் கொடுத்து வளர்த்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் முன் பேச வைத்தன. அங்கே பேசிய உழவரின் துன்பம் மெய். ஆனால் இலைக்கு நல்ல விலை வேண்டும் என்று அவ்வுழவர் கேட்டிருந்தால், அக்குரலுக்கு அதே பணம் கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

1994 ஏப்ரலில் ஏழு கம்பெனிகளின் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் உறுதிமொழி எடுத்து, நிக்கோட்டின் மனிதரை அடிமைப்படுத்துவது என்று தாங்கள் நம்பவில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் கம்பெனிக் காகிதங்கள் கட்டுக் கட்டாக வெளிவரத் தொடங்கின. 1998இல் 46 மாநிலங்களோடு செய்த உடன்படிக்கையில் 20,600 கோடி டாலர் கொடுக்க இசைந்தார்கள். 1954இல் தோன்றிய அந்த ஆராய்ச்சி அமைப்பும் கலைக்கப்பட்டது. 2006 ஆகஸ்டு 17ஆம் நாள் வாஷிங்டன் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பில், கம்பெனிகள் மக்களை ஐம்பது ஆண்டுகளாக ஏமாற்றின என்று கண்டு, உண்மையைத் தம் செலவிலேயே விளம்பரம் செய்யுமாறு ஆணையிட்டார். அவ்விளம்பரத்தின் சொற்களைப் பற்றியே மேலும் பதினோர் ஆண்டுகள் வழக்காடினார்கள். 2017 நவம்பரில் அது செய்தித்தாள்களில் வந்தது. நீதிமன்ற ஆணைப்படி வெளியிடுகிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே கம்பெனிகளின் பெயர்கள் இருந்தன. 1954ஆம் ஆண்டு அறிக்கையை இருபது வயதில் படித்தவருக்கு அப்போது எண்பத்து மூன்று வயது, உயிரோடு இருந்தால்.

அந்தக் காகிதங்கள் ஒரு கோடிக்கு மேல் இன்று சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. கணினி வழியே எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். வரலாறோ பொருளாதாரமோ பயிலும் மாணவர்கள் ஒரு விடுமுறையில் நூறு தாள்களையேனும் படித்துப் பாருங்கள். ஆங்கிலம் கடினமானது அன்று. பெரும்பாலும் அலுவலகக் கடிதங்கள்தாம். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் பெயரையும் பெறுநர் பெயரையும் முதலில் குறித்துக்கொண்டு படித்தால் விரைவில் விளங்கும்.